இரண்டு முஸல்லா

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு 10 வயது. டியூஷன் முடிந்து குர்ஆன் ஓதப் போகச் சொன்னால் அழுகிறான். தொழச் சொன்னாலும் அப்படித்தான். "பத்து வயசில் அடிக்கச் சொல்லி நபியவர்கள் சொன்ன ஹதீஸே இருக்கு" என்று அவன் அத்தா கை ஓங்குகிறார். தடுத்தால், "நாளைக்கு மறுமை விசாரணையில், மஹ்ஷரில் நீ பதில் சொல்வியா?" என்கிறார். ஆன்லைனில் ஓதிக்கொடுக்க உஸ்தாத் (ஆசிரியர்) வைக்கலாமா?

ஒரு சகோதரி, மதுரை

அன்புள்ள தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஆன்லைன் உஸ்தாத் உங்கள் வசதி. ஓதுகிற இடத்தில் யாராவது அவனை அடிக்கிறார்களா என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மஹ்ஷரில் பதில் சொல்ல வேண்டியது இரண்டு பேரும்தான்.

எனக்கு அந்த ஹதீஸைப் பற்றித்தான் பேச வேண்டும். அதைப் பாதியாகவே கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கிறேன். அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருவது அது. 7 வயதில் தொழ ஏவுங்கள் என்றுதான் தொடங்குகிறது. பத்து அப்புறம். நடுவில் 3 வருஷம், நாளுக்கு 5 வேளை; 5,000 தடவைக்கு மேல் வருகிறது. அதில் எத்தனை வேளை உங்கள் வீட்டுக்காரர் பையனைப் பக்கத்தில் நிறுத்தித் தொழுதார்? அந்தக் கணக்கைத் தீர்க்காமல் நேராகப் பத்தாவது வயசுக்கு வந்து கை ஓங்குவது மார்க்கம் இல்லை, கோபம். நபித்தோழர் அனஸ் (ரலி) நபியவர்களிடம் பணிவிடைக்கு வந்தபோது அவருக்கும் வயது பத்துதான். பத்து வருஷம் கூட இருந்தேன், ஒருநாளும் என்னைச் 'சீ' என்று சொன்னதில்லை என்கிறார். இதை ஏன் ஒருவரும் வீட்டில் எடுத்துச் சொல்வதில்லை? குடும்பத்தாரைத் தொழ ஏவச் சொல்லும் குர்ஆனின் தாஹா சூராவின் 132ஆம் வசனமும், நீரும் அதில் உறுதியாக இரும் என்று அதே மூச்சில் சொல்கிறது. அதையும் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

என் அத்தா மார்கழிக் குளிரில் அதிகாலைத் தொழுகையான சுப்ஹுக்கு எழுந்து, கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, ஈரக் கையை என் உள்ளங்காலில் வைப்பார். அவ்வளவுதான், கூப்பாடு கிடையாது. இருட்டிலேயே இரண்டு முஸல்லா, தொழுகை விரிப்பு, விரிப்பார். பல நாள் நான் போர்வையை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்திருக்கிறேன். தொழுது முடித்து, யாரும் நிற்காத அந்த இரண்டாவது முஸல்லாவை அவர் உதறி மடிக்கிற சத்தம் கேட்கும். பையனாக இருந்த எனக்கு அந்தச் சத்தம் எந்தப் பிரம்பைவிடவும் வலித்தது. ஒருநாள் தாங்க முடியாமல் எழுந்து போய் நின்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

இன்றைக்கு அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் உங்கள் வீட்டுக்காரரை இரண்டு முஸல்லா விரிக்கச் சொல்லுங்கள்.