கைக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் தற்கால நகைக் கலை (எடை, விலை என்று பார்க்காமல் கலைப்பொருளாகவே செய்யும் நகை) பற்றி நாலு வரிதான் எழுதினேன், அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் "எனக்கு வழிகாட்ட யாராவது கிடைப்பார்களா" என்ற கேள்விதான். அதனால் இந்த முறை முழுக்க நகை. தங்கம் எப்போது இறங்கும் என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அதற்கு வேறு பக்கம் இருக்கிறது.

அக்கா, எனக்கு 26 வயது. ஆக்சஸரி டிசைன் படித்துவிட்டு ஒரு நகை நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் மோதிரம் வரைகிறேன். இரவில் வீட்டில் பழைய அலுமினியத் தகடு, ரெக்ஸின் துண்டு வைத்து புரூச் செய்கிறேன். மென்டராக இருக்க முடியுமா என்று பல கலைஞர்களுக்கு மெயில் போட்டேன், ஒருவர்கூட பதில் தரவில்லை. சென்னையில் இதற்கெல்லாம் ஆளே இல்லையா?
*வாசகி, பெரம்பூர்*

ஆள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்ட விதத்தில்தான் சிக்கல். முன்பின் தெரியாத ஒருவர் "மென்டராக இருங்கள்" என்றால், எத்தனை மாதம், வாரத்துக்கு எவ்வளவு நேரம், கடைசியில் என்ன எதிர்பார்ப்பார் என்று எதுவும் புரியாமல், அப்புறம் பார்க்கலாம் என்று மெயிலை மூடிவிடுவார்கள். அடுத்த முறை மூன்று படம் அனுப்புங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இருபது நிமிடம் போதும் என்று எழுதுங்கள். "என் புரூச்சைப் புடவையில் குத்தினால் தலை குப்புறக் கவிழ்கிறது, ஊசியை எங்கே வைப்பது?" என்பது மாதிரி. வேலை தெரிந்தவர்களுக்கு இப்படி ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா இருப்பது கஷ்டம், பாருங்கள், எனக்கே முடியவில்லை: ஊசி நடுக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், கனம் அதற்குக் கீழே தொங்கினால்தான் புரூச் நிமிர்ந்து நிற்கும், பெரிய புரூச் என்றால் இரட்டை ஊசி, அப்போதுதான் சுழலாது, பட்டுப்புடவைக்கு ஊசி மெல்லியதாக, முனை வழவழப்பாகத் தீட்டியதாக இருக்கட்டும், இல்லையென்றால் காஞ்சிபுரத்தில் ஓட்டை போட்டதற்குத் திட்டு வாங்குவீர்கள்.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் தேடாதீர்கள். கைக்கு ஒரு ஆசான் வேண்டும், கண்ணுக்கு ஒரு ஆசான் வேண்டும், இரண்டும் ஒரே ஆளாக அமைவது அபூர்வம். கைக்கான ஆசானுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. சௌகார்பேட்டையில் மாடிப்படி ஏறினால் பட்டறை பட்டறையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் போகும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள், அலுமினியம் சுமார் 660 டிகிரியிலேயே உருகிவிடும், வெள்ளிப் பொடி (வெள்ளியைப் பற்றவைக்கும் கலவை) உருகி ஓட அதே அளவோ அதற்கு மேலோ சூடு வேண்டும். அதனால் வழக்கமான பற்றவைப்பு அலுமினியத்தில் நடக்காது, ரிவெட் அடித்தோ தகட்டு நாக்கை மடக்கியோதான் சேர்க்க வேண்டும். அலுமினியம் ராவிய அரத்தை வெள்ளி வேலையில் தொடவும் கூடாது. அந்தத் தூள் ஒட்டிக்கொண்டு, சூடு காட்டும்போது வெள்ளியைக் குழி குழியாக அரித்துவிடும். பத்தரின் அரத்தை எடுத்து அலுமினியத்தில் தேய்த்தீர்கள் என்றால் அன்றோடு உங்கள் பாடம் முடிந்தது.

கண்ணுக்கான ஆசான்தான் கஷ்டம். "சூப்பரா இருக்கு" என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு, "இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு கனம்?" என்று கேட்க ஆள் கிடைக்காது. அப்படி ஒருவர் கிடைக்கும் வரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் காட்சிக்கூடத்துக்குப் போய்வாருங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை, போய் ஏமாறாதீர்கள்). சாமி கும்பிடுகிற கண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, தோள்வளை எந்த இடத்தில் கையைப் பிடிக்கிறது, உதரபந்தம் வயிற்றின் வளைவோடு எப்படிப் போகிறது, மார்பில் குறுக்காக ஓடும் சன்னவீரம் முதுகுப்பக்கம் என்ன ஆகிறது என்று பென்சிலில் வரையுங்கள். நகை உடம்பில் எப்படி உட்காரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம். சோழமண்டலத்துக்கும் ஒரு நடை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய அந்தக் கிராமத்தில் ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று அந்தக் காசில்தான் ஓவியம் வரைந்தார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கலாமா என்ற கேள்வி உங்களுக்கும் வரும், அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே இருந்து வேலை செய்த சிற்பி நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களில் செம்புத் தகட்டை எப்படி இணைத்திருக்கிறார் என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

அப்புறம், உங்களை மாதிரியே நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மட்பாண்டம், அச்சு, துணி என்று எந்தத் துறை ஆனாலும் சரி. மாதம் ஒரு தடவை ஆளுக்கு ஒரு பொருளை மேசையில் வைக்கவும். வைத்தவர் முதல் பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தால் தெரியும்.

அப்பா பத்தர், தாத்தாவும் பத்தர். நான் ரப்பர், பனையோலை, கொஞ்சம் வெள்ளி வைத்து நகை செய்கிறேன். அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது எத்தனை கிராம்?" என்கிறார். வீட்டில் இப்படி இருக்கும்போது வெளியே வழிகாட்டி தேடத்தான் வேண்டுமா?
*வாசகர், ஏழுகிணறு*

அப்பா தப்பாகக் கேட்கவில்லை தம்பி. கிராமும் மாற்றும் (தங்கத்தின் தரம்) பார்த்தே பழகிய கை அது. ஓட்டோ குன்ட்சிலி என்ற சுவிஸ் நகைக் கலைஞர் 1980-ல் ஒரு காப்பு செய்தார், கறுப்பு ரப்பர் குழாய், உள்ளே ஒரு தங்க உருண்டை. வெளியே தங்கம் தெரியவே தெரியாது, ஒரு புடைப்பு மட்டும். 'தங்கம் கண்ணை மறைக்கும்' என்று பொருள்படும் தலைப்பும் வைத்தார். உள்ளே தங்கம் இருக்கிறது என்பதை நம்பித்தான் வாங்க வேண்டும், பார்க்க ஆசைப்பட்டால் ரப்பரை அறுக்க வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஒன்று சிரிப்பார், அல்லது உரசிப் பார்க்காமல் எவன் வாங்குவான் என்பார். எதுவானாலும் பேச்சு அங்கே தொடங்கிவிடும்.

அவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "இந்த ஓலை கருகாமல் பக்கத்தில் கொக்கியைப் பற்றவைக்க முடியுமா?" என்று கேளுங்கள். வெங்காரம் எவ்வளவு, ஊதுகுழலில் மூச்சை எப்படி நிறுத்தாமல் விடுவது, எந்த இடத்தை முதலில் முடித்துவிட்டு ஓலையைக் கடைசியில் செருகுவது என்று அவர் கை தானாகவே சொல்லித்தரும். கீல், திருகாணி, கொக்கி விஷயத்தில் வெளிநாட்டுக் கல்லூரியில் படித்து வந்த பல பேரைவிட அவர் மேலே இருப்பார். வழிகாட்டி வெளியேயும் வேண்டும்தான். ஆனால் பிள்ளை செய்த பொருளை அப்பாவே ரசிக்கவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்குக் கொஞ்சம் அதிகப்படியான வேலை.

ஒரு பெயர்பெற்ற டிசைனரின் ஸ்டூடியோவில் ஆறு மாதமாகச் சம்பளம் இல்லாமல் இருக்கிறேன். "கற்றுக்கொள்கிறாயே" என்கிறார். என் வரைபடத்தில் இருந்து செய்த கம்மல் அவர் பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது.
*பெயர் வேண்டாம், திருவான்மியூர்*

கிளம்பி வாருங்கள். இதற்கு வழிகாட்டுதல் என்று பெயர் கிடையாது. பத்தர் பட்டறையில்கூடப் பையனுக்குச் சாப்பாடும் கைச்செலவும் உண்டு. கிளம்பும்முன் உங்கள் வரைபடங்களின் மூலத்தையும் தேதி தெரிகிற மெயில்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டுமா என்பதை ஒரு மாதம் கழித்து, தூக்கம் ஒழுங்கான பிறகு முடிவு செய்யலாம்.

இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் அப்படியே காப்பி அடிக்கிறார்கள். டிசைனைப் பதிவு செய்ய முடியுமா?
*வாசகி, ஆழ்வார்பேட்டை*

முடியும், ஆனால் வரிசை முக்கியம். 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, ஏற்கெனவே வெளியான வடிவத்துக்குப் பதிவு கிடையாது. நீங்களே ரீல்ஸ் போட்டிருந்தாலும் அது வெளியானதுதான். முதலில் விண்ணப்பம், அப்புறம் இன்ஸ்டா. கிடைத்தால் 10 வருடம் பாதுகாப்பு, இன்னும் 5 வருடம் நீட்டிக்கலாம். பதிவே வேண்டாம், காப்புரிமை (காப்பிரைட்) தானாகக் காப்பாற்றும் என்று நம்பி இருப்பவர்களுக்கு: பதிவு செய்யத் தகுந்த வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50-க்கு மேல் நகல் எடுத்துவிட்டால் அந்தக் காப்புரிமை போய்விடும். ஒரே ஒரு பிரதி மட்டும் செய்கிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம், அச்சு எடுத்து வார்ப்பில் விற்க நினைப்பவர்கள் கட்டாயம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒரு கேலரி என் நகைகளை வைத்து விற்றுத் தருகிறேன், விலையில் பாதி எனக்கு என்கிறது. அநியாயமில்லையா?
*வாசகர், மயிலாப்பூர்*

கேட்டதும் வயிறு எரியும், தெரியும். ஆனால் கலை நகை கேலரிகளில் உலகம் முழுக்கப் பாதிக்குப் பாதி என்பது சகஜம்தான். வாடகை, ஆள், விளக்கு, உங்கள் நகையைப் பற்றி வருகிறவரிடம் பத்து நிமிடம் பேசுவது எல்லாம் அதில் அடக்கம். அதைச் செய்யாமல் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி மட்டும் வைப்பார்கள் என்றால் அதிகம். நீங்கள் பார்க்க வேண்டியது காகிதத்தை. விற்கும் வரை நகை உங்களுடையது என்று இருக்கிறதா, விற்ற எத்தனை நாளில் பணம் வரும், உடைந்தாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு, தீபாவளித் தள்ளுபடி யார் பங்கில் இருந்து போகும்? கடைசியாகச் சொன்னதில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விலையையும் முதலிலேயே பாதி போனாலும் தாங்குகிற மாதிரி வையுங்கள், வீட்டில் வந்து வாங்குகிறவருக்கும் அதே விலைதான். நீங்களே கேலரியைவிட மலிவாக விற்றால் எந்த கேலரியும் இரண்டாம் முறை கூப்பிடாது.

வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்ப ஆசை. எங்கே தொடங்குவது?
*வாசகி, அண்ணா நகர்*

மியூனிக்கில் வருடா வருடம் கைவினைச் சந்தையோடு சேர்ந்து நடக்கும் 'ஷ்முக்' நகைக் கண்காட்சி 1959-ல் தொடங்கியது, இந்தத் துறையில் எல்லோரும் கண் வைத்திருப்பது அதில்தான். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு ஆள், அவர் ஒருவர்தான் தேர்வு செய்வார், அதனால் ஒரு வருடம் வரவில்லை என்றால் அடுத்த வருடம் அதே வேலையை அனுப்பினாலும் தப்பில்லை. அந்த வாரம் ஊரில் கடை, வீடு, கேலரி என்று எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன நகைக் கண்காட்சி. தேர்வாகாமலேகூட, சொந்த புரூச்சைச் சட்டையில் குத்திக்கொண்டு போய்ச் சுற்றலாம், அதைப் பார்த்து நாலு பேர் பேச வருவார்கள். அமெரிக்காவின் 'ஆர்ட் ஜுவல்லரி ஃபோரம்' 1997-ல் இருந்து இயங்குகிறது, இளம் கலைஞர்களுக்கு விருதும் தருகிறது. பிரிட்டனில் போய்ப் படிக்க அல்லது தங்கி வேலை செய்ய நினைத்தால் அதற்கு உதவித்தொகை தரும் சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்டின் இணையப் பக்கத்தைப் பாருங்கள்.

விண்ணப்பக் கட்டணம் கொஞ்சம் கேட்பது வழக்கம். "தேர்வாகிவிட்டீர்கள், வாழ்த்துகள், இப்போது இவ்வளவு யூரோ கட்டுங்கள்" என்று வந்தால் அது இட வாடகை, விருது இல்லை. நகையைப் பார்சலில் அனுப்பும் முன் 'ஏடிஏ கார்னே' பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கான சுங்க ஆவணம் அது. இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தக சபை தருகிறது. இது இல்லாமல் போய், சொந்த நகை திரும்பி வரும்போது அதற்கே வரி கேட்டால் அழுகைதான் வரும்.

வயது 47. வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். இப்போது நகை கற்க ஆரம்பிக்கலாமா, பைத்தியக்காரத்தனமா?
*வாசகி, நங்கநல்லூர்*

ஆரம்பியுங்கள். சில 'இளம் கலைஞர்' போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கும்தான். கணக்கு எழுதத் தெரிந்த நகைக் கலைஞர்கள் மிகக் குறைவு, அந்தப் பக்கம் நீங்கள் ஏற்கெனவே முன்னால் இருக்கிறீர்கள். வெள்ளி வேண்டாம், முதலில் செம்புத் தகட்டில் பழகுங்கள். சூடு காட்டியதும் கறுத்துப் போவதை எடுக்க ஆசிட் தேவையில்லை, சூடான புளிக்கரைசலில் போட்டால் போதும். தீ வேலையை மட்டும் சமையலறையில் வைத்துக்கொள்ளாதீர்கள், மொட்டை மாடியில் காற்று படாத மூலை ஒன்றைப் பிடித்து, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொள்ளுங்கள்.