செவரல்னா எத்தனை?

சார், வணக்கம். ஆபீஸ்ல என் மேனேஜர் என் ரிப்போர்ட்ல 'செவரல் மிஸ்டேக்ஸ்' இருக்குன்னு மெயில் போட்டாங்க. நான் தேடினா ரெண்டுதான் கிடைச்சுது. செவரல்னா சரியா எத்தனை சார்? செவன்ல இருந்து வந்த வார்த்தைன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்றான், நெஜமா?
(பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்)

வணக்கம் தம்பி,

ஏழுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஸ்பெல்லிங்ல முதல் நாலு எழுத்து ஒண்ணா இருக்கிறதோட சரி. டிக்‌ஷனரில ரெண்டுக்கு மேல, ஆனா ரொம்ப அதிகமில்லன்னு போட்டிருப்பாங்க. அதனால மூணாவது தப்பு ஒண்ணு எங்கயோ ஒளிஞ்சிருக்கு, இன்னொரு தடவை தேடிப் பாருங்க. இல்ல மேனேஜர் கோவத்துல எழுதியிருக்கணும், அதுக்கும் இந்த வார்த்தை நல்லா தோதுப்படும். 'எ ஃபியூ டைம்ஸ் சொன்னேன்'னா சும்மா ரெண்டு மூணு தடவை சொன்னேன், அவ்வளவுதான். 'செவரல் டைம்ஸ் சொன்னேன்'னா எத்தனை தடவைய்யா சொல்றதுங்கிற சலிப்பும் கூடவே வந்துடுது, நம்பர் என்னமோ ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கலாம்.

ஆனா இந்த வார்த்தை மொதல்ல எண்ணிக்கை சொல்ற வார்த்தையே இல்ல. லத்தீன்ல பிரிக்கிறதுக்கு உள்ள சொல்லுல இருந்து வந்தது, செபரேட், வெட்டி எடுக்கிற செவர் எல்லாம் அதே குடும்பம்தான். அதனால பழைய அர்த்தம் 'தனித்தனி'. 'தே வென்ட் தேர் செவரல் வேஸ்'னு படிச்சா பல வழியில போனாங்கன்னு எழுதிடாதீங்க, அவங்கவங்க வழியில போனாங்கன்னு அர்த்தம். 1787ல எழுதின அமெரிக்க அரசியல் சட்டத்துல 'தி செவரல் ஸ்டேட்ஸ்'னு வரும், அப்ப இருந்தது 13 மாநிலம், அதுல சிலதைச் சொல்லல, 13ஐயும் தனித்தனியாச் சொல்றாங்க, நம்ம பாஷைல 'அந்தந்த மாநிலம்'.

இதுல நானே நல்லா வாங்கிக் கட்டியிருக்கேன். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு கடன் பத்திரத்தை மொழிபெயர்க்கக் குடுத்தாங்க, அதுல 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' இருந்துது, நான் பாட்டுக்கு 'சேர்ந்தும் பலமுறையும் பொறுப்பு'ன்னு எழுதிட்டேன், வக்கீல் படிச்சிட்டு பலமுறை கடனைக் கட்டணுமான்னு கேட்டார். சரியான தமிழ் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்'. மூணு பேர் இப்படிக் கையெழுத்துப் போட்டா கடன் குடுத்தவர் மூணுல யாரை வேணா புடிச்சு முழுத் தொகையையும் கேட்கலாம், என் பங்கு மூணுல ஒண்ணுதானேன்னு அவர்கிட்ட தப்பிக்க முடியாது, கட்டினப்புறம் மத்த ரெண்டு பேர்கிட்ட போய் அவங்க பங்கைக் கேட்டுக்கிறது உங்க பாடு. வெறும் 'செவரலி'ன்னு மட்டும் இருந்தாதான் அவரவர் பங்கோட போச்சு.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா, வெரி மெனி, டூ மெனி, ஹவ் மெனி எல்லாம் உண்டு, வெரி செவரல் கிடையாது, ஹவ் செவரலும் கிடையாது. மெனியைக் கூட்டிக் குறைச்சுக்கலாம், செவரலுக்கு அந்த ஏத்த எறக்கமே இல்ல. தனித்தனிங்கிற பழைய குணம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கிறதாலதான்னு எனக்குப் படுது.

தமிழ்ல இதுக்கு 'சில'ன்னா கொஞ்சம் கம்மியாப் படும், 'பல'ன்னா கொஞ்சம் ஓவர். பேச்சுல 'நாலஞ்சு' சொல்றோம்ல, அது ரொம்பக் கிட்ட வரும். உங்க மேனேஜர் மெயிலைத் தமிழாக்கினா 'நாலஞ்சு தப்பு இருக்கு'தான், அதுக்கு யாரும் நாலா அஞ்சான்னு திருப்பிக் கேட்க மாட்டாங்க, நீங்களும் கேட்காதீங்க, எந்தெந்த எடம்னு மட்டும் கேளுங்க.