பல இனப் பிள்ளைகள் கலந்து பழகும்படி பள்ளியின் உட்புறத்தை எப்படி அமைக்கலாம்?

உங்கள் ஊர் இடைநிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வருவதாகவும், அதில் 'ஒற்றுமைக் கூடம்' ஒன்று கட்டப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் உள்ளக வடிவமைப்பாளர். வளர்ந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில். அந்தப் பணத்தைப் பிள்ளைகள் காத்திருக்கும் இடங்களுக்குச் செலவிடுங்கள் என்பதே என் பதில். கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து யாரோ பேசுவதைக் கேட்பார்கள், மணி அடித்ததும் வந்த கூட்டத்தோடே கலைந்து போவார்கள். பழக்கம் உண்டாவது வேறு இடத்தில்.

எங்கள் ஊரைப் போன்ற தோட்டப் பட்டணங்களில் இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தோட்டத்துப் பிள்ளை தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிறது, புதுக்கிராமத்துப் பிள்ளை சீனப்பள்ளியிலிருந்து, கம்பத்து (மலாய்க் கிராமத்து) பிள்ளை தேசியப் பள்ளியிலிருந்து. பக்கத்து ஊரான லாசாவுக்கு அப்பால் ஆற்றோரக் கிராமங்களிலிருந்து தெமியார் பூர்வகுடிப் பிள்ளைகளும் வருகிறார்கள். 150 மாணவர்கள்கூட இல்லாத பள்ளிகளைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த வகைதான். எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்த பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, பதின்மூன்று வயதில் பெரிய கூட்டத்துக்குள் வந்து நிற்கிறது. தெரிந்த முகத்தைத் தேடி ஒட்டிக்கொள்வது இயல்பு. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளி விட்ட பிறகு என்ன நடக்கிறது? தோட்டத்துப் பஸ் ஒரு நடை போய்த் திரும்பி வர வேண்டும். கம்பத்துப் பிள்ளையின் அப்பா வேலையிடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வர வேண்டும். அரை மணியோ ஒரு மணியோ, பாடமும் மணியும் இல்லாத நேரம். நாளில் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அந்த நேரத்துக்கு நாம் கொடுத்திருப்பதோ சாலையைப் பார்த்த நீண்ட சிமெண்டுப் பெஞ்சு ஒன்று. வரிசையாக உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும்தான் பேச முடியும், பக்கத்தில் இருப்பது ஏற்கெனவே நண்பர்.

1950களில் கனடாவின் சஸ்காட்செவன் மாநில மருத்துவமனை ஒன்றில் உளவியலாளர் ராபர்ட் சாமர் இதைத்தான் கவனித்தார். முதியோர் கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன, யாரும் பேசவில்லை. சிறு மேசைகளைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டதும், சில வாரங்களில் பேச்சு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. மேசையில் எதிரெதிரே உட்கார்பவர்களைவிட மூலையின் இரு பக்கமும் உட்கார்பவர்கள் அதிகம் பேசுவதையும் அவர் கண்டார். முகத்தைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் பார்வையை விலக்கிக்கொள்ளலாம். கூச்சப்படும் பிள்ளைக்கு இந்த வசதி பெரிது.

எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் மாடிப்படியின் கீழே உடைந்த மேசைகளைக் குவித்து வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, சுவர் மூலையை ஒட்டி இரு பக்கமும் இருக்கை அமைத்தோம். ரப்பர் மரப் பலகைதான். விலை குறைவு; மருந்தேற்றிய பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும், மழை படாத இடத்தில் மட்டும் போட வேண்டும். நடுவிலுள்ள மேசையில் பக்கத்துக்கு ஏழு குழிகளும், இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழியும் குடையச் சொன்னேன். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் ஆடலாம், நம் பல்லாங்குழியும் ஆடலாம்.

ஒரு மதியம் நான் அங்கே நின்றபோது தமிழ் மாணவி ஒருத்தி முனைக் குழியில் காய் போடாமல் தாண்டிப் போனாள். எதிரே ஆடிய மலாய் மாணவி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். சொங்காக்கில் தன் முனைக் குழியைக் கடக்கும்போது ஒரு காய் போட்டுத்தான் போக வேண்டும். நம் வீட்டு ஆட்டத்தில் அந்தக் குழியே இல்லை. இருவரும் விடாமல் வாதாடினார்கள். புத்தகப்பையைக் கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்த சீனப் பையன் கடைசியில் பஞ்சாயத்துக்கு வந்தான். இப்படி ஒரு வாதத்துக்குப் பிறகு இவர்கள் மூவரும் அன்னியர்கள் ஆக முடியாது.

வெறுமனே அருகருகே இருப்பது போதாது என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார். சம நிலை, பொது நோக்கம், ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு என்ற நான்கும் வேண்டும் என்றார். சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 15இலுள்ள தொலைநோக்குப் பள்ளி வளாகத்தில் தேசிய, சீன, தமிழ்ப் பள்ளிகள் மூன்றும் திடலையும் சிற்றுண்டிச்சாலையையும் பகிர்ந்துகொள்கின்றன. தலைமையாசிரியரும் வகுப்பறைகளும் தனித்தனி. நல்ல தொடக்கம்தான். ஆனால் சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லாவிட்டால் பொதுத் திடலிலும் மூன்று கூட்டம் நிற்கும் என்பது என் கருத்து.

அடுத்தது சத்தம். இதை யாருமே கேட்பதில்லை, எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம் இது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஓடு பதித்த சுவர். மழை பிடித்துக்கொண்டால் சிற்றுண்டிச்சாலையில் கத்தினால்தான் கேட்கும். தாய்மொழி என்றால் பாதி காதில் விழுந்தாலும் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். தட்டுத்தடுமாறிப் பேசும் மலாயில் அது நடக்காது. இரண்டு முறை 'என்ன?' என்று கேட்டபின் பிள்ளை வெட்கப்பட்டுத் தன் கூட்டத்துக்கே திரும்பிவிடும். வகுப்பறையில் எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரநிலை. சிற்றுண்டிச்சாலையில் அந்த அளவு கிடைக்காது. இருந்தாலும் கூரைக்கு அடியில் காப்புப் பஞ்சு, உட்கூரையில் மரநார்ப் பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை ஆகியவை இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

சிற்றுண்டிச்சாலையில் சைவ உணவுக்குத் தனி மூலை ஒதுக்காதீர்கள். ஒரே வரிசையில், ஒரே மேடையில் தனிக் கரண்டியோடு வைத்தால் போதும். தனி மூலை தனி மேசையாகிவிடும். நோன்பு மாதத்தில் சாப்பிடாத பிள்ளைகளுக்கு ஓய்வு வேளையில் நிழலான வேறு இடம் வேண்டும். சாப்பிடுகிற பிள்ளை ஒளிந்து சாப்பிடும் நிலையும் வரக்கூடாது.

சுவரோவியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்று இன உடையில் மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்கும் படம்தான் எங்கும். எங்கள் ஊரில் அதைக் கடந்து போகும் தெமியார் பிள்ளைக்கு அதில் இடமில்லை. வரைவதானால் பிள்ளைகளையே கலந்து உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள்.

நடைபாதையில் இருக்கை போடுமுன் தீயணைப்பு மீட்புத் துறையைக் கேளுங்கள். வெளியேறும் வழியை ஓர் அடிகூடக் குறைக்கக் கூடாது. படிக்கட்டின் அடியில் இருக்கை போடவும் அவர்கள் சம்மதம் வேண்டும். பணம் பற்றாவிட்டால் பஸ் காத்திருக்கும் இடத்தை முதலில் எடுங்கள், அடுத்துச் சிற்றுண்டிச்சாலைக் கூரை. வரைபடம் போடுவதற்கு முன் பள்ளி விடும் நேரத்தில் ஒரு வாரம் போய் நின்று, எந்தப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.