கிட் கார் கட்டக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. வாகனப் பழுது வேலையில் ஓரளவு பழக்கம் உண்டு. என் காருக்கு நானே கிளட்ச் மாற்றியிருக்கிறேன். பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் கார் ஒன்றை வீட்டிலேயே கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. விபத்தில் சிக்கி, காப்பீட்டு நிறுவனம் ‘முழுச் சேதம்’ என்று கழித்துவிட்ட கார் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அது என் 2 மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கும். சேஸிஸ் என்னும் அடிச்சட்டமும் பாடியும் அடங்கிய கிட்டுக்கு 8 மாதச் சம்பளம் ஆகும். கட்டி முடித்த இதே மாடல் கார் 14 மாதச் சம்பளத்துக்கு விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். ஆக, 4 மாதச் சம்பளம் லாபம். சேமிப்பாக 5 மாதச் சம்பளம் இருக்கிறது. மீதி 5 மாதத்துக்கு 14 சதவீத வட்டியில் 3 ஆண்டுத் தனிநபர் கடன் தரத் தயாராக இருக்கிறார்கள். அவசரகால நிதியைத் தொடப்போவதில்லை. இறங்கலாமா?

பதில்: காரைக் கட்டுங்கள். கடன் வேண்டாம். அந்த லாபக் கணக்கு எழுதிய தாளை இன்றே கிழித்துப்போடுங்கள்.

தொகைகளைச் சம்பள மாதங்களில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், நானும் அப்படியே தொடர்கிறேன். உங்கள் கணக்கில் இரண்டே வரிகள் இருக்கின்றன: கிட், பழைய கார். இந்த இரண்டையும் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் செலவே தொடங்கும். பழைய காரின் டயரும் சக்கரமும் புதிய உடலுக்குப் பொருந்தாமல் போகலாம். பிரேக் குழாய்கள், எரிபொருள் குழாய்கள், ரப்பர் புஷ்கள், டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், கிளட்ச் ஆகியவற்றை எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றாவிட்டால் பிறகு இரட்டை வேலை. ரேடியேட்டர், சைலன்சர், இருக்கை, சீட் பெல்ட், பெயின்ட் எல்லாம் தனி. எஞ்சினைத் தூக்கக் கிரேன், சரியான முறுக்குவிசையில் முடுக்க டார்க் ரெஞ்ச், காரை ஏற்றிவர வாகனம், பரிசோதனைக் கட்டணம், பதிவு, காப்பீடு. நட்டு, போல்ட் செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். கட்டியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் சேர்த்து நான் 4½ மாதச் சம்பளம் ஒதுக்குவேன். 5 மாதக் கடனுக்கு 3 ஆண்டுகளில் நீங்கள் கட்டும் வட்டி மட்டும் 1.15 மாதச் சம்பளம். பழைய காரில் மிஞ்சும் கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கைகளை விற்று அரை மாதச் சம்பளம் மீட்டாலும், மொத்தச் செலவு 15 மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் பார்த்த 14 என்பது விற்பவர் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலை அல்ல. உங்கள் வார இறுதிகளுக்கு ஒரு காசு கூலி போடாமலேயே கணக்கு நஷ்டத்தில் நிற்கிறது.

கிட் கார் என்றாலே மலிவு என்ற நம்பிக்கை பிரிட்டனிலிருந்து வந்தது. அதற்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. அன்று அங்கே முழுதாகக் கட்டிய புதிய காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் பலருடைய வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தது. 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அன்று பணத்தை மிச்சம் பிடித்துத் தந்தது வரிச் சட்டம்தான். இன்று அது இல்லாமல், உழைப்பை மட்டும் நம்பி லாபம் தேடுகிறீர்கள்.

ஆகவே இதைப் பொழுதுபோக்குச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால் குற்ற உணர்வு தேவையில்லை; பயணத்துக்கும் இசைக்கருவிக்கும் செலவழிப்பவர்கள் இல்லையா? ஆனால் பொழுதுபோக்குக்கு 14 சதவீத வட்டி கட்டக் கூடாது. அதிலும் இது விசித்திரமான பொழுதுபோக்கு: பாதியில் நின்றால் மதிப்பு பாதியாக நிற்காது, அதளபாதாளத்துக்குப் போகும். கட்டி முடிக்காத காரை வாங்க வருபவர், எந்த போல்ட்டை நீங்கள் சரியாக முடுக்கினீர்கள் என்று தெரியாமல், எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும் என்றே விலை பேசுவார். மாதத் தவணையோ கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். நான் அஞ்சுவது 15 மாதச் சம்பளம் செலவாவதைப் பற்றியல்ல. 11 மாதம் செலவான நிலையில் வேலை நின்றுபோவதைப் பற்றித்தான்.

பணத்தை எடுக்கும் வரிசையை மாற்றினால் இந்த அபாயம் பெருமளவு குறையும்.

முதல் செலவு பூஜ்யம்: பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்ய வழி இருக்கிறதா, என்ன பரிசோதனை, பழைய காரின் எந்த ஆவணங்கள் வேண்டும்? நாட்டுக்கு நாடு இது மாறும். பிரிட்டனில் தனி வாகன ஒப்புதல் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. சில நாடுகளில் கதவே மூடியிருக்கும். சாலைக்கு வர முடியாத காருக்கு வாங்குபவரும் இல்லை, சாலைக் காப்பீடும் இல்லை. பதில் சாதகமாக வரும்வரை ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

அடுத்து அந்த விபத்து கார். எந்த வகையில் கழிக்கப்பட்டது என்று பாருங்கள். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகைகள். ஏ என்றால் முழுக் காரையும் நசுக்க வேண்டும். பி என்றால் பாகங்களை எடுக்கலாம், உடற்கூட்டை நசுக்கியாக வேண்டும். தனி சேஸிஸில் எஞ்சினைப் பூட்டப்போகும் உங்களுக்கு பி கூடப் போதுமானது. பழைய காரின் அடித்தளத்தையே பயன்படுத்தும் கிட்டுக்கு அது ஆகாது. வேறு நாடுகளில் வேறு பெயர்கள் இருக்கும், கேள்வி ஒன்றே. கார்மீது பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

பின்னால் அடிபட்ட காராக இருந்தால் நல்லது. முன்பக்கத்தில் இருக்கும் எஞ்சினும் ஸ்டியரிங்கும் பெரும்பாலும் தப்பியிருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய காரை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏலத்துக்கு முன் கழுவித் துடைத்திருப்பார்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்பகுதியில் இருக்கும் பட்டையை யாரும் துடைப்பதில்லை. சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். கம்பளத்தைத் தூக்கி வயரிங் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாவியும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியும், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசரும் ஒரே காரின் ஜோடியாக வர வேண்டும். சாவி இல்லாத மலிவுக் கார் கடைசியில் மலிவாக இருக்காது. முடிந்தால் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

இந்தக் காரை உங்கள் சேமிப்பிலிருந்தே வாங்கிவிடலாம். கருவிகளுக்கும் சில்லறைச் செலவுக்கும் ஒதுக்கியது போக 2 மாதச் சம்பளமாவது மிஞ்சும். பிறகு 6 மாதம் கிட் பக்கமே போகாதீர்கள். காரைப் பிரியுங்கள், ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்துப் பெயர் எழுதிப் பையில் போடுங்கள், மிஞ்சியதை விற்றுவிடுங்கள். கடன் தவணையாகக் கட்டத் துணிந்த அதே தொகையை, மாதா மாதம் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். பங்குச் சந்தையில் போடாதீர்கள். ஓரிரு ஆண்டில் எடுக்கப்போகும் பணத்துக்கு அது இடமல்ல. 6 மாதம் கழித்தும் சனிக்கிழமை காலையில் கொட்டகைக்குப் போகக் கால் துடித்தால், கிட்டுக்குப் பணம் கட்டத் தொடங்கலாம். துடிக்கவில்லை என்றால் அதிகபட்ச இழப்பு 2 மாதச் சம்பளத்துக்குள் முடிந்துவிடும்.

கிட்டை முழுதாக ஒரே நாளில் வாங்க வேண்டாம். சேஸிஸ் முதலில், சஸ்பென்ஷன் அடுத்து, பாடி கடைசியில் என்று பிரித்துத் தரும் தயாரிப்பாளரைத் தேடுங்கள். இந்தத் துறையில் சிறு நிறுவனங்களே அதிகம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிய நிறுவனம் நொடித்துப்போனால், அந்த நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் வரிசையின் கடைசியில்தான் உங்களுக்கு இடம் கிடைக்கும். ஒவ்வொரு பகுதியும் வந்து சேர்ந்த பிறகு அடுத்ததற்கு முன்பணம் கட்டுங்கள். ரசீதுகளில் ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். பரிசோதகரும் பிற்காலத்தில் வாங்க வருபவரும் முதலில் கேட்பது அதைத்தான்.

பலரும் மறப்பது கட்டும் காலத்துக்கான காப்பீட்டை. வீட்டுக் காப்பீட்டில் வாகன பாகங்களுக்கு விலக்கு இருக்கலாம். கொட்டகையில் தீப்பிடித்தாலோ திருட்டு நடந்தாலோ ஒன்றும் கிடைக்காது. எஞ்சின் வீட்டுக்கு வருவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, பதிலை ரசீதுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். கார் முடிந்ததும், சந்தை மதிப்பில் அல்லாமல் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி தருகிறார்களா என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.