பாடிப் போகத் தெரியாதவன்

அண்ணா, வணக்கமுங்க.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கபடிக் குழுவின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்பவன் நான். தை மாதம் மின்னொளிக் கபடி நடத்துகிறோம். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, சித்தூர் என்று இருபது அணிகளுக்கு மேல் வரும். மூன்று வருடமாக நாங்கள் அரையிறுதியோடு நின்றுவிடுகிறோம். எதிரணிப் பக்கம் 'கபடி கபடி' என்று பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருகிற நல்ல ரைடர் இல்லை.

பக்கத்து ஊரில் ஒருவன் இருக்கிறான். 27 வயது. பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். ஏழு வருடத்துக்கு முன்னால் கோயில் நோம்பி (திருவிழா) அடிதடியில் ஒருவரைக் கம்பியால் அடித்துவிட்டான். அவருக்கு இடது கண் போய்விட்டது. இரண்டு வருடத் தண்டனையை விய்யூர் சிறையில் கழித்துவிட்டு வந்திருக்கிறான். 16 வயதில் பைக் திருடிய கேஸும் உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். பசங்க, "ஆட்டம் வேற, கேஸ் வேற" என்கிறார்கள். செங்கல் சூளை வைத்திருக்கும் எங்கள் தலைவர், ராத்திரிக்கு ஐயாயிரம் கொடுத்து கெஸ்ட்டாக இறக்கலாம் என்கிறார். பெரியவர்கள் சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தை ஐ.பி.எல். சூதாட்ட வழக்கில் கோர்ட்டே விட்ட பிறகும் கிரிக்கெட் வாரியம் விடவில்லை, அது அநியாயம் என்று அன்றைக்கு நாமெல்லாம் பேசினோம். அப்படியிருக்க, தண்டனையை முடித்துவிட்டு வந்தவனை நாம் தடுக்கலாமா?

கண் போனவருடைய மகன் எட்டாம் வகுப்பு. எங்கள் சின்னப் பசங்க டீமில்தான் பழகுகிறான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் போட வேண்டாங்க.

*

அன்புள்ள தம்பி,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் ஆடலாம். ஆனால் ராத்திரிக்கு ஐயாயிரம் வாங்கிக்கொண்டு இறங்குகிற கெஸ்ட்டாக அல்ல. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான் இத்தனை வருடமாக எழுதாமல் வைத்திருந்த ஒன்றை எழுத வேண்டும்.

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். நான் கபடி ஆடியவன் இல்லை. கோட்டுக்கு வெளியே பெஞ்சு போட்டு ஸ்கோர் எழுதியவன். 1999இல் நோம்பிக்கு மறுநாள் ராத்திரி எங்கள் ஊரில் ஓர் அடிதடி. அடி வாங்கியவர் கள்ளு இறக்குகிற தொழிலாளி. நம் சித்தூர் தாலுகாத் தோப்புகளிலிருந்து எத்தனை மாவட்டத்துக்குக் கள்ளு போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனையும் இவரைப் போன்றவர்கள் நாளெல்லாம் மரம் ஏறி இறக்குவது. இரும்புக் குழாயால் அடித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. மணிக்கட்டு திரும்பாதவர் மரத்தைக் கட்டிப் பிடிக்க முடியாது, பாளை சீவவும் முடியாது. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும்.

அடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் எங்கள் அணியின் ரைடர். இன்னொருவன் அவனுடைய கூட்டாளி, லாரிக்குத் தேங்காய் ஏற்றுகிறவன். ஒரே எஃப்.ஐ.ஆர்., ஒரே பிரிவுகள். ரைடருக்கு நாங்கள் வக்கீல் வைத்தோம். நிலத்துக்குக் கரம் (வரி) கட்டிய ரசீதோடு இரண்டு பெரிய மனிதர்கள் ஜாமீன் நின்றார்கள். ஒன்பதாவது நாள் வெளியே வந்துவிட்டான். தேங்காய் ஏற்றுகிறவன் இரண்டரை மாதம் கிளைச் சிறையில் கிடந்தான். அவனுடைய அம்மா ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்கே வந்து, என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, "எம் பையனுக்கும் ஆராச்சும் வருவாங்களா சாமி?" என்று கேட்டார். மேட்ச் முடியட்டும், பார்க்கலாம் என்றேன். மேட்ச் முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம். யாரும் போகவில்லை.

பிறகு நம் பக்கத்தில் சொல்கிறோமே, ஒத்துதீர்ப்பு, கோர்ட்டுக்கு வெளியே பேசி முடிக்கிற சமரசம், அதற்கு ஒரு ஜீப்பில் ஆறு பேர் போனோம். நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். பதினைந்தாயிரம் ரூபாய். கள்ளு இறக்குகிறவருடைய மனைவி எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கள்ளு இறக்குகிறவர் பணத்தை இடது கையால் வாங்கினார். இடது கையால் வாங்குகிறாரே என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது, அடுத்த நொடி புரிந்தது. "கிரவுண்டு மைக்கு எங்க ஊட்டு வாசல்ல நின்னு பேசற மாதிரி கேக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. கோர்ட்டில் அவர் யாரையும் அடையாளம் காட்டவில்லை. இரண்டு பேருக்கும் விடுதலை.

அதற்கப்புறம் ரைடரைக் கோயம்புத்தூரில் ஒரு மில் அணி எடுத்துக்கொண்டது. தேங்காய் ஏற்றுகிறவனை எந்த லாரிக்காரரும் கூப்பிடவில்லை. "அடிதடிப் பய" என்றார்கள். திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போனான். பல வருடம் கழித்து பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தவன் நன்றாகத்தான் பேசினான். பஸ் ஏறுகிற நேரத்தில் சொன்னான்: "எனக்கும் பாடிப் போகத் தெரிஞ்சிருந்தா என்னையும் நல்லவன்னு சொல்லியிருப்பீங்கல்லங்கண்ணா."

தம்பி, நாங்கள் அந்த ரைடருக்குக் கொடுத்ததை மன்னிப்பு என்று நினைத்திருந்தோம். மன்னிப்பாக இருந்திருந்தால் அது இரண்டு பேருக்கும் போயிருக்கும். நாங்கள் அவனுடைய காலுக்கு விலை கொடுத்தோம். உங்கள் தலைவரிடம் ஒன்றைக் கேளுங்கள். இதே கேஸில் இதே விய்யூரிலிருந்து, கபடி தெரியாத ஒருவன் வந்து சூளையில் கல் அறுக்க வேலை கேட்டால் கொடுப்பாரா? கொடுப்பேன் என்று அவர் தயங்காமல் சொன்னால், இந்த ரைடரைப் பற்றி அவர் சொல்வதை நான் முழுதாக நம்புவேன். தயங்கினால், அவர் மறுவாழ்வைப் பற்றிப் பேசவில்லை, கேடயத்தைப் பற்றிப் பேசுகிறார்.

பெரிய அணிகளும் இப்படித்தான் செய்கின்றன. பிரேசிலின் சாண்டோஸ் கால்பந்துக் கழகம் 2020 அக்டோபரில் தன் பழைய ஆட்டக்காரர் ரொபின்யோவைத் திரும்ப எடுத்தது. கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் இத்தாலிய நீதிமன்றம் 2017இலேயே அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தது, மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தேதான் எடுத்தார்கள். விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கியதும் ஒரு வாரத்துக்குள் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தார்கள். எடுத்ததற்குக் காரணம் அவருடைய ஆட்டம், நிறுத்தியதற்குக் காரணம் பணம். அந்தப் பெண் இரண்டு கணக்கிலும் இல்லை.

ஸ்ரீசாந்த் விஷயத்துக்கு வருகிறேன். 2013 மே மாதம் கைது, செப்டம்பரில் வாரியத்தின் ஆயுள் தடை. 2015இல் டெல்லி நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது, வாரியம் தடையை நீக்கவில்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைக் கவனித்துப் பாருங்கள். குற்ற வழக்கு வேறு, வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை வேறு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஆயுள் முழுக்க என்பது அதிகம், தண்டனையின் அளவை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. தடை ஏழு வருடமாகக் குறைந்தது, 2020 செப்டம்பரில் முடிந்தது. 2021 ஜனவரியில் சையது முஷ்டாக் அலி கோப்பைக்காகக் கேரள அணிக்கு ஆட இறங்கியபோது அவருக்கு 37 வயது. வேகப்பந்து வீச்சாளருக்கு அது எந்த வயது என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எனக்குப் படுவது, அணிக்கென்று தனி அளவுகோல் இருக்கலாம் என்பது. கோர்ட் விட்டுவிட்டது என்பதற்காக அணி எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு உரிமை உண்டு. ஆனால் எந்தத் தடைக்கும் முடிகிற தேதி ஒன்று வேண்டும். தேதியே சொல்லாமல் "கூடவே கூடாது" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கபடிக்காரனுக்கு ஆட்ட ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம். அதில் ஏழு போய்விட்டது.

16 வயது பைக் கேஸை இனி யாரும் வாயில் எடுக்க வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே, சிறுவனாக இருந்தபோது செய்த குற்றத்தின் பேரில் அவனுக்குப் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. மிகக் கொடிய குற்றம் செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. பைக் திருட்டு அதில் வராது.

வழக்கு நடந்துகொண்டிருக்கிற ஒருவனைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் கஷ்டமான பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பதே பலருக்குத் தண்டனையாகிவிடுகிறது. அதே நேரம், குழந்தைகளிடமோ, தன்னிடம் ஆட்டம் பழக வந்தவர்களிடமோ அத்துமீறியதாக ஒருவர் மேல் புகார் இருந்தால், தீர்ப்பு வரும்வரை அவரைச் சின்னப் பசங்க பக்கம் விடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

இப்போது கண் போனவர். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. பசங்க சொன்னது, தலைவர் சொன்னது, பெரியவர்கள் சொன்னது. அவர் என்ன சொன்னார் என்று இல்லை. யாரும் போய்க் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருடைய மகனை மட்டும் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பையன் தினமும் சாயங்காலம் உங்கள் மைதானத்தில் பழகுகிறான். தை மாதத்து ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில், தன் அப்பாவின் கண்ணைப் பறித்தவனுடைய பெயரை மைக்கில் சொல்லிச் சொல்லிக் கூட்டம் கத்துவதைக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கேட்பான். கூடக் கத்துவானா, எழுந்து போவானா? எட்டாம் வகுப்புப் பையனை அந்த இடத்தில் நிறுத்துவதற்கு நமக்கு என்ன உரிமை?

அமெரிக்கக் கால்பந்தில் மைக்கேல் விக் என்று ஓர் ஆட்டக்காரர். நாய்ச் சண்டை நடத்தியதற்காக 2007இல் அவருக்கு 23 மாதத் தண்டனை கிடைத்தது. வெளியே வந்ததும் 2009இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி எடுத்தது, அடுத்த வருடமே ஓஹோவென்று ஆடினார். பேசுகிறவர்கள் இந்த மறுவருகையை மட்டும்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிடிபட்ட சுமார் ஐம்பது நாய்களைப் பராமரிக்க அவர் ஒன்பது லட்சத்துச் சொச்சம் டாலர் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடுதல் எங்கே நடந்ததோ அங்கே பணம் போனது. நாய்களுக்குக் கிடைத்த அந்தக் கணக்கு நம் ஊரில் ஒரு மனிதருடைய கண்ணுக்குக் கிடைத்ததா? கோர்ட் ஏதாவது இழப்பீடு சொன்னதா, சொன்னது கைக்கு வந்ததா என்று விசாரியுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் மனுக் கொடுக்க வழி இருக்கிறது. ஏழு வருடம் ஆகிவிட்டதால் தாமதத்தைப் பற்றிக் கேள்வி வரலாம், பாலக்காட்டில் நேரில் போய்க் கேளுங்கள். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள். அந்த மனுவை எழுதிக் கொடுக்க உங்களைவிடப் பொருத்தமானவர் அந்தக் குழுவில் இல்லை.

அவரைப் பார்க்கப் போகும்போது ஜீப்பில் ஆறு பேராகப் போகாதீர்கள். பகலில், நீங்களும் இன்னொருவரும் போதும். தலைவரும் வேண்டாம், வார்டு மெம்பரும் வேண்டாம், ரைடரும் வேண்டாம். கையில் பணம் கொண்டுபோகாதீர்கள். சம்மதம் வாங்கவும் போகாதீர்கள். இப்படி ஒரு பேச்சு நடக்கிறது, உங்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்று வந்தோம், இதை மட்டும் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். மகனை இனி அனுப்ப மாட்டேன் என்றால், அந்தப் பையனை விட்டுவிட்டு ரைடரை எடுக்கிற குழுவாக உங்கள் குழு ஆகிவிடக் கூடாது. இந்த வருடம் ரைடர் வேண்டாம். அரையிறுதியோடு நில்லுங்கள், ஒன்றும் ஆகாது.

அவர் சரி என்றால், அல்லது எனக்கென்ன போச்சு என்று பேசாமல் இருந்தாலும், ரைடரை வேறு மாதிரி சேருங்கள். கெஸ்ட் என்றால் ராத்திரி வந்து, ஆடி, பணம் வாங்கிப் போய்விடுவான், அவனுக்கும் ஊருக்கும் பேச்சே இருக்காது. இப்போதிருந்தே தினமும் சாயங்காலம் பழக வரட்டும். மற்றவர்களோடு சேர்ந்து மண்ணைக் கொத்திக் கோடு போடட்டும். முதல் போட்டிகளில் வெளியே உட்காரட்டும். ஏழு பேரில் ஒருவனாக இருக்க அவன் சம்மதிக்கிறானா, நட்சத்திரமாகத்தான் வருவானா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். அவனோடும் யாராவது உட்கார்ந்து பேசுங்கள் தம்பி. விய்யூரிலிருந்து வந்த பிறகு, ஆட்டத்தைத் தவிர வேறு எதையாவது அவனிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

கள்ளு இறக்கியவர் இப்போது இல்லை. அவருடைய வீடு இருந்த இடத்திலிருந்து மைதானம் எவ்வளவு தூரம் என்று போன வருடம் நடந்து பார்த்தேன். முந்நூறு அடிகூட இல்லை. உங்கள் ஊரில் மைக்கை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுகிறீர்கள், கண் போனவர் வீடு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

போய்ப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன்.