முன்னுரையைக் கடைசியில் எழுதலாமே

ஐயா, வணக்கம்.

நான் பதினோராம் வகுப்பு மாணவி. கட்டுரை எழுதச் சொன்னாலே வயிற்றைக் கலக்குகிறது. முதல் வரியை எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன். ஒரு மணி நேரம் கழித்தும் தாளில் தலைப்பு மட்டும்தான் இருக்கும். விஷயம் தெரியாமல் இல்லை. அதையே தோழி கேட்டால் கடகடவென்று சொல்லிவிடுவேன். இந்தப் பயம் எப்படிப் போகும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

தோழியிடம் சொல்லிவிடுவேன் என்கிறீர்களே, அப்படியானால் பாதி வேலை முடிந்தது. கட்டுரை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கட்டு, உரை. உரை இருந்தால்தானே கட்ட முடியும்? நீங்கள் பூவைப் பறிக்காமலே மாலையின் முதல் முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் முன்னுரைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னும் எழுதாத ஒன்றை எப்படி அறிமுகப்படுத்துவது? என் கட்டுரைகளில் முதல் பத்தி பெரும்பாலும் கடைசியில் எழுதியதுதான். முதலில் எழுதியது குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடியவை மிகச் சில. என்ன சொல்வது, இங்கே ஒற்று மிகுமா, ஆசிரியர் என்ன நினைப்பார் என்று எல்லாம் ஒன்றாக முண்டினால் எதுவும் உள்ளே நுழையாது. கவலைக்கும் அங்கே இடம் வேண்டுமே.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதற்கு ஒரு பயிற்சியைச் சொன்னார். பத்து நிமிடம் கையை நிறுத்தாமல் எழுத வேண்டும். திருத்தக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுத வேண்டும். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்த வரியை மூன்று தடவை எழுதுவதற்குள் சலித்துப்போய் மனம் வேறு எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறது! அதை யாரிடமும் காட்ட வேண்டாம். தோழிக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். அப்புறம் உருப்படியான நான்கைந்து வரிகளுக்கு அடிக்கோடிட்டால் போதும், பொருளுரைக்கு அவை தாங்கும். ஒற்றுப்பிழையெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, தேர்வில் பத்து நிமிடத்துக்கு எங்கே போவது? அங்கே இரண்டு நிமிடம் போதும், கடைசிப் பக்கத்தில் கிறுக்கி அடித்துவிடலாம். முன்னுரைக்கு ஆறு வரி இடம் விட்டுவிட்டு, நன்றாகத் தெரிந்த பகுதியில் தொடங்குங்கள். திரும்பி வந்து அந்த இடத்தை நிரப்ப மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்து, வெற்றிடத்தோடு தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.