மின்னசோட்டாவில் பனியைத் தவிர என்ன இருக்கிறது?

தம்பி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸில் வேலை கிடைத்திருக்கிறது, பனியைத் தவிர அங்கே என்ன இருக்கிறது, ஒரு கம்பெனி கைவிட்டால் வேறு வேலை கிடைக்குமா, மாநிலக் கொடியை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பதினாறு குளிர்காலம் வாசலில் பனி தள்ளியவன் சொல்கிறேன்.

குளிர் பெரிய விஷயமில்லை. சென்னையில் ஜாக்கெட் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள், அது இங்கே நவம்பரைக்கூடத் தாங்காது. வந்து வாங்குங்கள், துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது.

வேலைதான் முக்கியம். இந்த ஊர் மாவரைத்துப் பிழைத்த ஊர். மிசிசிப்பி ஆற்றில் செயின்ட் அந்தோணி அருவியின் விசையில் மில்கள் ஓடின. 1878-ல் வாஷ்பர்ன் ஏ மில்லில் மாவுத்தூசி வெடித்து 18 பேர் செத்தார்கள். மாவு வெடிக்குமா என்று நானும் நம்பவில்லை, பிறகு திரும்பக் கட்டிய மில் 1991-ல் தீப்பிடித்தது, அதன் இடிந்த சுவர்களுக்குள் இப்போது மியூசியம் வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். மில்கள் போய்விட்டன, அவற்றின் வாரிசான ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனி இருக்கிறது. 3எம் கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. 1902-ல் கொரண்டம் என்ற, தேய்க்க உதவும் கடினக் கனிமத்தைத் தோண்டத் தொடங்கினார்கள், வெட்டியெடுத்தது கொரண்டமே இல்லை. பிறகு உப்புத்தாள் செய்து பிழைத்தார்கள். மருத்துவக் கருவிக் கம்பெனி மெட்ரானிக் 1949-ல் ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்தது, சில வருஷத்தில் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேட்டரி பேஸ்மேக்கர் செய்தது. வடக்கே இரும்புச் சுரங்கம், ராச்செஸ்டர் ஊரில் மேயோ கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரி, மினியாபோலிஸ் டவுன்டவுனில் டார்கெட் என்ற கடைச் சங்கிலியின் தலைமையகம். ஒன்று படுத்தால் இன்னொன்று நிற்கும். என்னையும் ஒரு சில்லறை வணிகக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. நாலு மாதம் விசா பயத்தில் தூக்கமில்லை, பிறகு மருத்துவக் கருவிப் பக்கம் வேலை கிடைத்தது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

கொடிக்கு வருவோம். பழைய கொடியின் நடுவில் மாநில முத்திரை இருந்தது: வெள்ளைக்காரர் நிலம் உழுகிறார், பூர்வகுடி குதிரையில் விலகிப் போகிறார். 1862-ல் டகோட்டா என்ற பூர்வகுடி மக்களோடு போர் நடந்து, மன்கேட்டோ ஊரில் ஒரே நாளில் அவர்களில் 38 பேரைத் தூக்கிலிட்ட மாநிலத்தில் அந்தப் படம் என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். 2024 மே 11-ல் எட்டுமுனை நட்சத்திரம் போட்ட நீலக்கொடி வந்தது. பழையதே நல்லது என்பவர்கள் இன்னும் வீட்டு வாசலில் பறக்கவிடுகிறார்கள், அதைப் பற்றி ஆபீஸில் வாய் திறக்காதீர்கள்.

மாநிலப் பறவை லூன் என்ற நீர்ப்பறவை. முதல் வருஷம் ஏரிக்கரைக் குடிலில் தங்கியிருந்தோம், நடுராத்திரி அது கூவியதும் யாரோ பெண்பிள்ளை அழுகிறாள் என்று என் மனைவி கதவைத் திறந்துவிட்டாள்.

மாநிலத் தானியம் காட்டரிசி. ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் அது விளையும் ஏரிகளில் படகில் போய், கதிரை வளைத்துக் குச்சியால் தட்டிப் படகுக்குள் உதிர்ப்பார்கள். பேர்தான் அரிசி, கறுப்பாக ஊசி மாதிரி இருக்கும், வேக ஒரு மணி நேரம் பிடிக்கும். சூப்பில் போட்டால் அருமை. வெண்பொங்கல் மட்டும் வைத்துவிடாதீர்கள், நாங்கள் வைத்தோம், குழையவே இல்லை.